பொட்டு வைத்த காந்தங்கள்

அண்ணாமலை நகரில், மாணவர் விடுதிகளும் லாட்ஜுகளும் இடித்துக்கொண்டு நிற்கும் ஒரு சந்தில் இளமதியின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பெயருக்குத்தான் ஜெராக்ஸ் கடை. ஸ்பைரல் பைண்டிங் உண்டு, ரெக்கார்டு நோட்டு உண்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ உண்டு. இவற்றுக்கெல்லாம் பின்னால், சுவரோரமாக, பிளாஸ்டிக் கம்பியை உருக்கி இழை இழையாக அடுக்கி, கேட்ட உருவத்தைச் செய்து தருகிற த்ரீ டி பிரிண்டர் ஒன்றும் உண்டு. படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பிய ராஜ்கமல் என்ற என்ஜினியரிங் மாணவன், பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள் என்று வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போன மிஷின் அது. ஜெராக்ஸ் மிஷினுக்குக் கடையில் பெரியவள் என்று பெயர், இதற்குச் சின்னவள். இரண்டும் ஒரே நாளில் ஒழுங்காக ஓடியது ரொம்ப அபூர்வம். இளமதி இரண்டையும் திட்டித் திட்டியே வேலை வாங்குவாள்.

அவள் குமராட்சிக்காரி. மினி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு சிதம்பரம் வந்து பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்தாள். முழுதாகப் படித்தாள் என்றும் சொல்ல முடியாது, ஒரு பேப்பர் அரியர். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து ரோடு அடைபட்ட வாரத்தில் நடந்த பரீட்சை. அப்புறம் எழுதலாம், அப்புறம் எழுதலாம் என்று கல்யாணமே ஆகிவிட்டது. எந்தப் பேப்பர் என்று கேட்டால் சிரிப்பீர்கள். மின்சாரமும் காந்தமும். “நான் பாக்கி வச்ச பாடந்தான் என் தலையில வந்து விடிஞ்சுது” என்று அவளே சொல்லுவாள்.

கட்டிக்கொடுத்தது கடலூருக்கு. புருஷன் அன்புமணி மோட்டார் ரிப்பேர்காரன். சும்மா ஸ்க்ரூ திருகத் தெரிந்தவன் இல்லை. ஒரு வீட்டு வாசலில் நின்று, உள்ளே ஓடுகிற ஃபேனின் சத்தத்தைக் கேட்டே “பேரிங் போச்சு” என்பான். கழற்றிப் பார்த்தால் பேரிங்தான் போயிருக்கும். கூடச் சம்பளம் கிடைக்கிறதே என்று அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு பட்டறைக்கு, தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ் மிஷின் ஓட்டப் போனான். வேலைக்குச் சேர்ந்த ஏழாம் மாசம், வலது கையில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் கண் விழித்தவன் முதலில் கேட்டது, “எந்தக் கை?” என்றுதான். கட்டைப் பார்த்து அவனே தெரிந்துகொண்டான்.

ஆறு மாசம் கழித்து இருவரும் சிதம்பரம் வந்து இந்தக் கடையைப் போட்டார்கள். அன்புமணி சோம்பேறி இல்லை. காலையில் ஷட்டரைத் தூக்குவான், பேப்பர் கட்டுகளை இறக்குவான், இடது கையால் சில்லறை கொடுப்பான். ஆனால் யாராவது கடைக்குள் நுழைந்தால் வலது கை தானாகத் தோள் துண்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். கடை ஃபேன் கரகரவென்று கத்த ஆரம்பித்து மாசக்கணக்கானது. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இளமதிக்கு அவன் விரல் போனதைவிட இதுதான் பெரிய இழப்பாகத் தெரிந்தது.

இப்படி இரண்டு வருஷம் ஓடியிருக்கும். ஒரு நாள் கோயிலுக்கு வந்த தேவநாதன் கடையைத் தேடிக்கொண்டு வந்தார். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பவர், அன்புமணியின் பழைய முதலாளி. வாயில் சர்க்கரை தடவிப் பேசத் தெரியாத மனுஷன்.

“அன்பு, விஜயதசமிக்குக் கடைக்குப் புது ஆள் போடறேன். உன் காது எவனுக்கும் வராது, அதான் உன்கிட்ட மொதல்ல சொல்றேன். ஆனா பாவம் பாத்து வேலைக்கு வக்கிற ஆளு இல்ல நானு. அன்னிக்கி வா. ஒரு சீலிங் ஃபேனத் தனியா கழட்டி மாட்டி ஓட்டிக் காட்டு. ஓடிச்சின்னா சீட்டு உனக்கு. இல்லன்னா மத்தியானமே வேற ஆள் வந்துருவான்.”

அவர் போன பிறகு அன்புமணி, “ஸ்க்ரூவ எதால புடிக்கிறது?” என்றான். இரண்டு வருஷத்தில் அவன் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. இளமதி அதைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளங்கையைச் சுற்றி மாட்டும் ஒரு பிளாஸ்டிக் கூடு, கட்டைவிரல் இருந்த இடத்தில் ஒரு குட்டித் தண்டு. அதன் முனையில் வேலைக்கு வேலை மாற்றிக்கொள்கிற மாதிரி மூன்று நுனிகள். ஸ்க்ரூவைப் பிடிக்க ஒன்று, ஒயரை இழுக்கக் கொக்கி ஒன்று, நடுவிரலோடு சேர்த்துக் கவ்விக்கொள்ள ஒன்று. இதுதான் அவள் கணக்கு. அவன் கையை ஜெராக்ஸ் கண்ணாடி மேல் வைத்து அளவெடுத்தாள். முதல் கூடு தோலை அறுத்தது, இரண்டாவது கழன்று விழுந்தது, மூன்றாவதை மாட்டவே முடியவில்லை. நான்காவதில் கை உட்கார்ந்தது. ஆனால் நுனியை மாற்ற ஒவ்வொரு தடவையும் மரை திருக வேண்டியிருந்தது. “நுனிய மாத்தவே ஒரு ஆளு வேணும் போல” என்றான் அன்புமணி. அப்போதுதான் அவளுக்குக் காந்தம் நினைவுக்கு வந்தது.

பிளாஸ்டிக் பாதி வளர்ந்ததும் சின்னவளை நிறுத்த வேண்டும். அதில் விட்டிருக்கும் பள்ளத்தில் ஒரு சொட்டுப் பசையோடு காந்தத்தை வைத்து, மறுபடி ஓட விட்டால் மேலே பிளாஸ்டிக் மூடிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. தண்டில் இரண்டு காந்தம், ஒவ்வொரு நுனியிலும் இரண்டு. பக்கத்தில் கொண்டுபோனாலே போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக எட்டுக் காந்தம் வரவழைத்தாள். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகம். மாற்று முகம் சந்தித்தால் ஒட்டும், ஒரே முகம் சந்தித்தால் தள்ளும். எது எந்த முகம் என்று காந்தத்தில் எழுதியிருக்காது. இளமதி ஒவ்வொன்றாகச் சோதித்து, வடக்கு முகத்தில் தன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி வைத்தாள். தண்டில் பொட்டு ஒட்டும் பக்கத்தைப் பார்க்க வேண்டும், நுனியில் அதற்கு எதிர்ப்பக்கத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வைக்கிற நேரத்தில் பொட்டை உரித்துவிடலாம். ரொம்பக் கச்சிதமான ஏற்பாடு என்று அவளுக்கே பெருமையாக இருந்தது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலையில் பொரி, கடலை, பூசணிக்காய், மாலை வாங்க சிதம்பரம் கடைத்தெருவுக்குப் போனாள். கூட்டத்தில் மாட்டிக்கொண்டு திரும்ப மத்தியானம் ஆகிவிட்டது. வந்து பார்த்தால் கடை அவள் கடை மாதிரியே இல்லை. அன்புமணி ஒட்டடை அடித்து, தரையைக் கழுவி, பெரியவளையும் சின்னவளையும் துடைத்து, மேஜையில் இருந்த குண்டூசி டப்பாவைக்கூடப் பளபளப்பாக்கி வைத்திருந்தான். அவளுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. “அடேங்கப்பா, யாரு கடை இது?” என்று சிரித்துவிட்டு, நேரே சின்னவளிடம் போய் வேலையைத் தொடங்கினாள். டப்பாவில் எட்டுக் காந்தமும் பொட்டோடு இருந்தன. பொட்டைப் பார்த்துப் பார்த்து வைத்தாள். பொழுது சாயும்போது கூடும் மூன்று நுனிகளும் தயார். நாளைக்குப் பூஜை முடிந்த பிறகு மாட்டிப் பார்ப்போம் என்றான் அன்புமணி. சரி என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் பூஜை முடிந்தது. பெரியவளுக்கும் சின்னவளுக்கும் சந்தனம், குங்குமம், ஆளுக்கொரு மாலை. அவனுடைய பழைய டூல்ஸ் பெட்டியும் இரண்டு வருஷத்துக்கு அப்புறம் வெளியே வந்து மாலை போட்டுக்கொண்டது. கற்பூரம் அணைந்ததும் இளமதி அவன் கையில் கூட்டை மாட்டி, முதல் நுனியைத் தண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். நுனி வழுக்கிக்கொண்டு விலகியது. அழுத்தினாள். துள்ளிப் போய் பொரித் தட்டில் விழுந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

அன்புமணி கூட்டைக் கழற்றி மேஜையில் வைத்தான். “விடு மதி. நமக்கு இது அமையல” என்றான். கை துண்டுக்கு அடியில் போய்விட்டது.

“இரு மாமா. நான் பொட்டப் பாத்துத்தான வச்சேன்? எப்பிடி மாறும்? சூட்டுல கெட்டுருந்தா ஒட்டாமப் போவும், தள்ளாது.” அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டு நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எந்தப் பொட்டு?” என்றான் அவன்.

“காந்தத்துல ஒட்டியிருந்தேன் இல்ல, அந்தப் பொட்டுதான்.”

அன்புமணி முகம் போன போக்கை என்னவென்று சொல்ல. “அது உன்னோட பழைய பொட்டுன்னு இல்ல நெனச்சேன். கண்ணாடியில, பாத்ரூம் கதவுல, பீரோவுலன்னு எங்கப் பாத்தாலும் ஒட்டி வப்பியே. காந்தத்துலயும் ஒட்டி வச்சிருக்கன்னு நெனச்சேன். சாமிக்கு வக்கிற சாமான்ல வச்சிக் கழட்டுன பொட்டு எதுக்குன்னு எல்லாத்தையும் சொரண்டிட்டு, தொடச்சி, பாக்கெட்டுலேருந்து புதுப் பொட்டு எடுத்து வச்சேன். குங்குமம் வச்சா அதுல நிக்கல.”

“எந்தப் பக்கம் வச்ச?”

“மேல் பக்கம்.”

மேல் பக்கமாம். இளமதிக்கு வந்த ஆத்திரத்தில் பொரித் தட்டைத் தூக்கி எறிந்திருப்பாள், பூஜைத் தட்டாகப் போனதால் தப்பித்தது. “உன்ன யாரு கேட்டா? ஒரு வார்த்த என்கிட்ட கேட்டா என்ன? ஒரு மாசமா மாஞ்சி மாஞ்சி செஞ்சேன்” என்று கத்தினாள். கத்தி முடித்ததும் அவளுக்கு ஒன்று உறைத்தது. சுண்டுவிரல் நகம் அளவு காந்தம். அதில் மிளகு அளவு பொட்டு. அத்தனையையும் ஒற்றை இடது கையால் உரித்து, எட்டையும் நட்டநடுவில் வைத்திருக்கிறான். எவ்வளவு நேரம் குனிந்து உட்கார்ந்திருப்பான். அவளுக்குக் கோபம் போய் அழுகை வந்தது, அழுகை பாதியில் சிரிப்பாகிவிட்டது.

“கண்ணாடியில ஒட்டறது தப்புதான். இனிமே ஒட்ட மாட்டேன், போதுமா?” என்றாள்.

ஆனால் நாளைக்கு விஜயதசமி. பசையில் புதைந்த காந்தத்தை எடுக்க நுனியை உடைத்தால்தான் உண்டு, உடைத்தால் பாதிக் காந்தம் நொறுங்கிப் போய்விடும். புதுக் காந்தம் வர மூன்று நாள் ஆகும். பூஜை நாளில் எந்தக் கடை திறந்திருக்கும்?

“காந்தத்துக்குக் காந்தம்னாதான முகம் பாக்கும்? இரும்பா இருந்தா எந்த முகமா இருந்தாலும் இழுக்கும்” என்றாள்.

“அப்ப நுனியில ஆணித் தலைய வெட்டி வச்சிடலாம்” என்றான் அன்புமணி. வைத்துப் பார்த்தார்கள். ஒட்டியது, லேசாக உதறினால் விழுந்தது. இன்னும் அகலமாக இரும்பு வாஷர் வைக்க அந்த நுனியில் இடமில்லை. இளமதி ராஜ்கமல் விட்டுப் போன அட்டைப் பெட்டியைக் கவிழ்த்தாள். பெட்டியின் அடியில் கறுப்பாக ஒரு பாதிச் சுருள் கிடந்தது. கையில் எடுத்தால் கனத்தது. இரும்புத் தூள் கலந்த பிளாஸ்டிக் கம்பி. அவன் எதற்கோ வாங்கி, ஒரு தடவை ஓட்டி, மிஷின் அடைத்துக்கொண்டது என்று ஒதுக்கி வைத்தது. கூட்டைப் பக்கத்தில் காட்டினாள். சுருளின் முனை மெதுவாக வளைந்து வந்து தண்டில் ஒட்டியது. நுனி முழுக்க இதிலேயே செய்துவிட்டால்? தண்டின் நடுவே ஒரு குழியும் நுனியில் ஒரு முளையும் ஏற்கெனவே இருக்கின்றன. வேலையின் அழுத்தத்தை முளை தாங்கும். நுனி கழன்று விழாமல் காந்தம் பிடித்துக்கொண்டால் போதும்.

அவள் மாலையைக் கழற்றப் போனதும் அன்புமணி குறுக்கே கை நீட்டினான். “மதி, பூஜை போட்டது. இன்னிக்கி ஓட்டக் கூடாது.”

“வேலை கெடைக்கணும்னு சாமி கும்பிட்டுட்டு, வேலை செஞ்சா சாமி கோச்சிக்குமா? கோச்சிக்கிட்டா நான் பேசிக்கிறேன்.” மாலையைக் கண்ணில் ஒற்றி எடுத்துப் பெரியவள் தலையில் போட்டாள். “இன்னிக்கி இவ ரெண்டு மாலை போட்டுக்கட்டும். எப்பப் பாத்தாலும் இவளுக்குத்தான பொறாம.”

ஒன்பதரைக்குச் சின்னவள் ஓட ஆரம்பித்தாள். கால் மணி நேரம் போயிருக்கும். பொரி தின்றுகொண்டிருந்த அன்புமணி சட்டென்று எழுந்தான். “நிறுத்து. டிக் டிக்குங்குது பாரு, கம்பி உள்ள போவ மாட்டாம பல்லு வழுக்குது. வாய் அடைக்குது.” அவளுக்கு ஒரு சத்தமும் வித்தியாசமாகக் கேட்கவில்லை. ஆனாலும் நிறுத்தினாள். பார்த்தால் மேலே கம்பியைப் பல்சக்கரம் சுரண்டிச் சுரண்டி இரும்புத் தூள் கொட்டியிருந்தது. பிளாஸ்டிக் வழிகிற பித்தளை வாயின் துளை இதற்குப் பத்தாது. ராஜ்கமல் பெட்டியில் கொஞ்சம் பெரிய துளை போட்ட வாய் ஒன்று இருந்தது. சூட்டோடு சூடாகப் பழையதைக் கழற்றி இதைப் பூட்ட வேண்டும். இளமதி ஸ்பேனரை எடுத்தாள்.

“குடு இங்க” என்றான் அன்புமணி. இடது கையில் ஸ்பேனர். வலது கையின் மூன்று விரலும் உள்ளங்கையும் சேர்ந்து மிஷின் தலையை அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டன. துண்டு நாற்காலியில் கிடந்தது. இரண்டே நிமிஷத்தில் மாற்றிவிட்டு, “சூட்ட இன்னும் பத்து டிகிரி ஏத்து, மெதுவா ஓட்டு” என்றான். அவள் சூட்டை மட்டும் ஏற்றினாள். ஏதாவது சொல்லப் போய் அவனுக்குத் தன் கை நினைவு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

மத்தியானம் மூன்று மணிக்கு மூன்று நுனியும் வந்தன. கறுப்பாக, சொரசொரவென்று, பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தன. ஸ்க்ரூ பிடிக்கிற நுனியின் முனையில் மட்டும் ஒரு காந்தம் தேவைப்பட்டது. அதற்கு வீணாய்ப் போன நுனி ஒன்றை உடைத்து, நொறுங்காமல் வந்த காந்தத்தை எடுத்து ஒட்டினாள். ஸ்க்ரூவுக்கு முகமெல்லாம் தேவையில்லை. நுனியைத் தண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அது துள்ளவில்லை, தள்ளவில்லை. அமைதியாகப் போய் உட்கார்ந்தது. அன்புமணி கையை உதறினான். விழவில்லை. மறுபடி உதறினான். இளமதி டூல்ஸ் பெட்டியிலிருந்த ஸ்க்ரூக்களையெல்லாம் மேஜையில் கொட்டினாள். பொழுது இறங்கும் வரை அவன் எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

விஜயதசமி காலை பத்து மணிக்குக் கடலூரில் தேவநாதன் கடை. பெஞ்சின் மேல் ஒரு பழைய சீலிங் ஃபேன் கிடந்தது. “ஆரம்பி” என்றார். இளமதியைப் பார்த்து, “நீ வெளிய ஒக்காரும்மா. பக்கத்துல இருந்தா நீ எடுத்துக் குடுப்ப” என்றார். அவள் வாசல் ஸ்டூலில், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தாளே தவிர உடம்பு முழுக்க உள்ளேதான் இருந்தது.

அன்புமணி இறக்கைகளைக் கழற்றினான். மூடியைத் திறந்தான். பேரிங்கைத் தட்டி எடுத்துத் துடைத்து, புதுசு போட்டான். ஒயரை இழுக்கக் கொக்கி நுனி, மூடி ஸ்க்ரூவுக்குக் காந்த நுனி. மாற்றும்போது ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. கடைசியில் கனெக்டரில் ஒயரை இறுக்கும் ஸ்க்ரூவை எடுக்கப் போனான். அது வரவில்லை. மறுபடி தொட்டான். வரவில்லை. தள்ளிப் பார்த்ததில் உருண்டு பெஞ்சுக்கு அடியில் விழுந்தது. பித்தளை ஸ்க்ரூ. பித்தளையைக் காந்தம் எந்த ஜென்மத்தில் இழுத்தது? நேற்று கொட்டிய குவியலில் ஒரு பித்தளைகூட இல்லை. இளமதி ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டாள். தேவநாதன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

அன்புமணி குனிந்து இடது கையால் ஸ்க்ரூவைத் தேடி எடுத்தான். வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேரிங்குக்குப் போட்ட கிரீஸ் டப்பாவில் ஸ்க்ரூவின் தலையைத் தொட்டு, நுனியில் ஒட்டினான். அப்படியே கொண்டுபோய்த் துளையில் நிறுத்தி, இடது கையால் ஸ்க்ரூ டிரைவர் வைத்துத் திருகினான். கை விரல் நன்றாக இருந்த காலத்திலேயே எட்டாத இடத்துக்கு அவன் செய்கிற வேலைதான் அது. சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது.

தேவநாதன் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். நல்லது என்று சொல்லவில்லை, சபாஷ் என்று சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு மிக்ஸியைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். “இது சாயங்காலம் வேணும். பார்ட்டி நாலு மணிக்கு வருவாங்க” என்றார். அன்புமணி மிக்ஸியைக் கவிழ்த்துக் கழற்ற ஆரம்பித்துவிட்டான்.

இளமதி மெதுவாக உள்ளே போய் சாப்பாட்டுப் பையைப் பெஞ்சோரம் வைத்தாள். “மாமா, கை வலிக்குதா? கொஞ்சம் ஒக்காந்துட்டு செய்யேன்” என்றாள்.

அவன் தலையைத் தூக்கவில்லை. “நீ பஸ்ஸப் புடி மதி. எனக்கு வேல கெடக்கு” என்றான்.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ் கிளம்ப நின்றது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆலப்பாக்கம் தாண்டும் வரை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். காலையில் அதே பஸ்ஸில் இரண்டு டிக்கெட் கொடுத்த கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

“எத்தினிம்மா?”

“சிதம்பரம் ஒன்னு” என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னாள். “எங்க வீட்டுக்காரருக்கு வேல இருக்கு. அவரு சாயங்காலந்தான் வருவாரு.”